மறுபிறவி எடுக்கும் நாயகர்களோடு கூட்டுக் கற்பனை உலகம்: முதல் கதைக்கு முன் செய்ய வேண்டியவை

நாங்கள் ஐந்து பேர். ஒரே கற்பனை உலகம். அதில் சில நாயகர்கள் காலத்துக்குக் காலம் வேறு பெயரில், வேறு உடம்பில் திரும்பத் திரும்பப் பிறப்பார்கள். ஆளுக்கொரு காலகட்டத்தை எடுத்துக்கொண்டு எழுதுவது என்று பேச்சு. பதினோராவது கதையில் வண்டி குடைசாய்ந்தது. நண்பர் எழுதிய காவல்காரன் 1653இல் கோட்டை வாசலில் செத்துப்போகிறான். அதே உயிரின் அடுத்த பிறவி என்று நான் எழுதிய மாலுமிப் பெண்ணோ 1649இலேயே பிறந்துவிட்டாள். நான்கு வருடம் ஒரே உயிர் இரண்டு உடம்பில் இருந்திருக்கிறது! இரண்டு கதைகளையும் அதற்குள் ஆட்கள் படித்தும் விட்டார்கள். யார் மாற்றுவது என்று தொடங்கிய பேச்சு, இது யாருடைய உலகம் என்பதில் போய் நின்றது. ஒருவர் விலகினார். போகும்போது தான் உருவாக்கிய பாத்திரங்களையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார். மிச்சப்பட்டவர்கள் மறுபடி முதலிலிருந்து கட்டி எழுப்ப 7 மாதம் பிடித்தது.

அந்த 7 மாதம் உங்களுக்காவது மிச்சமாகட்டும். கதை எழுதுவது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை. முதல் கதைக்கு முன் கையில் என்னென்ன தாள்கள் இருக்க வேண்டும், எதற்கு எவ்வளவு நேரம் போகும், எங்கெல்லாம் கால் இடறும் என்பது மட்டும்தான்.

1. ஆட்களைக் குறையுங்கள், ஒரு கணக்குப்பிள்ளையை வையுங்கள்

மூன்று பேர் போதும், ஐந்து பேர் அதிகபட்சம். ஆர்வத்தில் பத்துப் பேரைச் சேர்த்தால் ஆறு பேர் ஒரு கதைகூடத் தர மாட்டார்கள். ஆனால் விதிகளைப் பற்றி வாதாட மட்டும் தவறாமல் வருவார்கள்.

அவர்களில் ஒருவர் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் அவரைக் கணக்குப்பிள்ளை என்றே கூப்பிடுகிறோம். கதை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. தேதி, வயது, இடம் ஆகிய மூன்றிலும் அவர் சொன்னால் சொன்னதுதான். வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவருக்கு இதில் போகும். அதற்குத் தயாராக இருப்பவரையே போடுங்கள். குழுவில் நன்றாக எழுதுபவரை இந்த வேலையில் உட்கார வைக்காதீர்கள், இரண்டும் கெட்டுப்போகும்.

2. எது திரும்பி வருகிறது என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

முக்கியமான தாள் இதுதான். 'நாயகன் மறுபடி பிறக்கிறான்' என்று சொல்லும்போது உங்கள் ஐந்து பேர் மனதிலும் ஐந்து வேறு விஷயங்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் நினைவோடு உயிர் திரும்புவதாக நினைப்பார். இன்னொருவருக்கு நினைவு கிடையாது, தீராத பகையோ கடனோதான் திரும்புகிறது. மூன்றாமவருக்கு ஆளே முக்கியமில்லை, 'காப்பவர்' என்ற இடம் காலியானால் யாரோ ஒருவர் வந்து நிரப்புகிறார். இதைப் பேசாமல் எழுத ஆரம்பித்தால் மூன்றாவது கதையில் முட்டிக்கொள்ளும்.

நமக்குத் தெரிந்த பழைய கதைகளையே எடுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் விதி வேறு. வைகுண்டத்து வாயில் காப்போரான ஜயவிஜயர் சாபத்தால் மூன்று முறை பகைவர்களாகப் பிறக்கிறார்கள்: இரணியாட்சன்–இரணியகசிபு, இராவணன்–கும்பகர்ணன், சிசுபாலன்–தந்தவக்கிரன். அங்கே பிறவிகளின் எண்ணிக்கை முன்கூட்டியே முடிவானது, கடைசியில் வீடு திரும்புவதும் உறுதி. இன்னொன்றையும் கவனியுங்கள். இராவணனுக்கு ஒரு காவியமே இருக்கிறது, தந்தவக்கிரன் பெயரை யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பிறவியில் ஓங்கி நின்றவர் இன்னொன்றில் ஓரமாக நிற்கலாம். இது உங்களுக்குப் பெரிய வசதி.

அம்பை சிகண்டியாகப் பிறந்தபோது திரும்பி வந்தது தீராத வஞ்சம். அங்கே ஆளை அடையாளம் கண்டுகொள்பவர் எதிராளி. பீஷ்மர் சிகண்டியைப் பார்த்ததும் வில்லைத் தாழ்த்துகிறார், அதுவே அவர் முடிவாகிறது. நாயகனுக்குத்தான் பழைய நினைவு வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பதை நாங்கள் இதிலிருந்துதான் பிடித்தோம்.

எனக்கு மிகவும் பிடித்தது மணிமேகலையில் வரும் ஆபுத்திரன். அமுதசுரபியை வைத்துக்கொண்டு பசித்தவர்க்கெல்லாம் சோறிட்டவன். மணிபல்லவத்தில் உண்ணாமல் கிடந்து உயிர் விடுகிறான். மறுபிறவியில் சாவக நாட்டு அரசன் புண்ணியராசன். அவன் அதே தீவுக்கு வந்து, அங்குள்ள புத்த பீடிகையைக் கண்டு பழம்பிறப்பை உணர்கிறான். அதோடு நிற்கவில்லை. மணலைத் தோண்டுகிறார்கள், அவனுடைய பழைய உடம்பின் எலும்புகள் கிடைக்கின்றன. தன் எலும்பைத் தானே நின்று பார்க்கிற ஒரு மனிதன்! நினைவைத் தூண்ட ஓர் இடம், அதை உறுதிப்படுத்த ஒரு பொருள் என்று அங்கே விதி தெளிவாக இருக்கிறது.

இவற்றைப் போல உங்கள் விதி ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். ஒரு பக்கத் தாளில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்:

- திரும்புவது உயிரா, கடனா, பொறுப்பா?
- நினைவு வருமா? வருமென்றால் எந்த வயதில், எதனால்?
- ஒரு சாவுக்கும் அடுத்த பிறப்புக்கும் குறைந்தபட்ச இடைவெளி எவ்வளவு?
- ஆண் பெண்ணாக, அரசன் அடிமையாகப் பிறக்க முடியுமா?
- இந்தச் சுழற்சி முடியுமா? எப்போது?

எங்கள் முதல் தாளில் 'நினைவு சில சமயம் வரும்' என்று ஒரு வரி இருந்தது. இதைவிட மோசமான வரி இருக்க முடியாது. கதை மாட்டிக்கொள்ளும் போதெல்லாம் ஒவ்வொருவரும் அந்தச் 'சில சமய'த்தைப் பிடித்துக்கொண்டு தப்பித்தோம். 'சில சமயம்', 'பெரும்பாலும்', 'தேவைப்பட்டால்' ஆகிய சொற்கள் அந்தத் தாளில் இருந்தால் அடித்துவிடுங்கள்.

இந்த ஒரு பக்கத்துக்கு இரண்டு வார இறுதிகள் போகும். அவசரப்பட வேண்டாம்.

3. வார்ப்பு அட்டைகளைத் தயாரியுங்கள்

தொல்படிமம் என்று விமர்சகர்கள் சொல்வதை நாங்கள் வார்ப்பு என்கிறோம். ஒரே அச்சில் மறுபடி மறுபடி வார்த்தெடுப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். 'துணிச்சலானவள்', 'நேர்மையானவன்', 'கோபக்காரன்' என்று குணத்தை வைத்து வார்ப்பைப் பிரிக்கிறார்கள். குணம் எல்லா நாயகர்களுக்கும் பொது, அதை வைத்து வேறுபாடு காட்ட முடியாது. செயலை வைத்துப் பிரியுங்கள். புறத்திணையில் இதற்கு அருமையான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. வெட்சி ஆநிரையைக் கவர்வது, கரந்தை அதை மீட்பது. உழிஞை மதிலை வளைப்பது, நொச்சி உள்ளே நின்று அதைக் காப்பது. கவர்பவர், மீட்பவர், வளைப்பவர், காப்பவர் என்று நான்கு வார்ப்புகள் கையில் வந்துவிட்டன, அதுவும் சோடி சோடியாக, ஒன்றுக்கொன்று எதிராக! ஆநிரை போன காலத்தில் மீட்பவர் மாட்டை மீட்பார். கடற்கொள்ளைக் காலத்தில் சிறைப்பட்ட மாலுமிகளை மீட்பார். நாளைய கதையில் அழிக்கப்பட்ட ஆவணத்தை மீட்பார். செயல் ஒன்றே, பொருள்தான் மாறுகிறது.

ஆறு வார்ப்புகளுக்கு மேல் வேண்டாம். நாங்கள் பன்னிரண்டு வைத்துத் தொடங்கினோம். அதில் ஐந்துக்கு இன்றுவரை ஒரு கதைகூட வரவில்லை.

ஒவ்வோர் அட்டையிலும் ஐந்து வரி இருக்கட்டும்: இவருடைய செயல், முதல் பிறவியில் பட்ட காயம், உடம்பில் தங்கிவிட்ட பழக்கம், எந்தப் பிறவியிலும் செய்யவே முடியாத ஒன்று, சாவு வரும் விதம். நான் அதிகம் நம்புவது மூன்றாவது வரியை. எங்கள் காப்பவருடைய அட்டையில் இப்படி இருக்கிறது: 'முதல் பிறவியில் வாசற்படியில் நிற்கும்போது பின்னாலிருந்து குத்துப்பட்டவர். எந்தப் பிறவியிலும் வாசலைக் கடக்குமுன் ஒரு கணம் நின்று, இடது கையால் கதவு நிலையைத் தொட்டுவிட்டுத்தான் போவார். ஏனென்று அவருக்கே தெரியாது.' நாங்கள் எந்தக் கதையிலும் இதை விளக்கவில்லை. மூன்றாவது கதையில் ஒரு கிழவி கதவு நிலையைத் தொட்டாள். அவ்வளவுதான், படித்தவர்கள் பிடித்துவிட்டார்கள்.

மச்சத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சினிமா அதைத் தேய்த்துத் தீர்த்துவிட்டது.

ஓர் அட்டைக்கு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு அட்டைகளையும் ஒரே ஆள் எழுதக் கூடாது. ஆளுக்கு ஒன்றிரண்டாகப் பிரித்து, எழுதியதை இன்னொருவர் திருத்தட்டும்.

4. பிறவிப் பதிவேட்டைத் திறங்கள்

முதலில் கொஞ்சம் கணக்கு. 2000 வருட வரலாறு, ஒரு பிறவிக்குச் சராசரி 40 வயது, இடைவெளி 60 வருடம் என்றால் ஒரு வார்ப்புக்கு 20 பிறவி வரும். ஆறு வார்ப்புக்கு 120. இத்தனையையும் எழுத ஆயுசு போதாது. வார்ப்புக்கு ஐந்து பிறவிகளை மட்டும் கதைக்கென்று தேர்ந்தெடுங்கள். மற்றவற்றுக்குப் பதிவேட்டில் ஒற்றை வரி போதும். 'கவர்பவர், ஐந்தாம் பிறவி, இரண்டு வயதில் காய்ச்சலில் இறப்பு' என்பது போன்ற வரிகளும் வேண்டும். எல்லாப் பிறவியிலும் நாயகன் வளர்ந்து வாளெடுத்தால் நம்பும்படியாக இருக்காது.

பதிவேட்டில் இருக்க வேண்டிய கட்டங்கள்: வார்ப்பு, பிறவி எண், பெயர், பிறந்த வருடம்–மாதம்–நாள், பிறந்த இடம், இறந்த வருடம்–மாதம்–நாள், இறந்த இடம், சாவுக்குக் காரணம், எழுதுபவர், நிலை. நிலை என்பதில் மூன்றே சொற்கள்: எண்ணம், வரைவு, உறுதி. 'உறுதி' என்று ஆகிவிட்ட வரியைக் கணக்குப்பிள்ளையைத் தவிர யாரும் தொடக் கூடாது.

இங்கே பொறிகள் நிறைய.

எக்செல்லில் 1900க்கு முந்தைய தேதிகளைத் தேதியாகவே அது எடுத்துக்கொள்ளாது. 12-3-1653 என்று அடித்தால் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும், கழித்து வயது கேட்டால் பிழை காட்டும். எங்கள் குளறுபடிக்கு இதுவும் ஒரு காரணம், வயதை மனக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தோம். வருடம், மாதம், நாள் மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் வெறும் எண்ணாகப் போடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

அடுத்து, பூஜ்ஜிய வருடம் என்று ஒன்று கிடையாது. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1. கி.மு. 20இல் பிறந்தவர் கி.பி. 20இல் இறந்தால் அவருக்கு 40 வயது என்று எழுதத் தோன்றும். சரியான விடை 39.

நாட்காட்டி மாற்றம் இவற்றையெல்லாம்விட வில்லங்கமானது. இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டியை முதலில் ஏற்ற நாடுகளில் 1582 அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15. பிரிட்டனும் அதன் காலனிகளும் 1752 செப்டம்பரில்தான் மாறின. மறுபிறவிக் கதை எழுதுபவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், 'கலிலியோ இறந்த வருடமே நியூட்டன் பிறந்தார்' என்று ஒரு பேச்சு உண்டு. கேட்டதும் கை பரபரக்கும். கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8, இத்தாலியின் புதிய நாட்காட்டிப்படி. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, இங்கிலாந்தின் பழைய நாட்காட்டிப்படி. புதியதற்கு மாற்றினால் 1643 ஜனவரி 4. ஆக, ஒரே நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வருட எண்ணில் வரவே இல்லை. எங்கள் விதி: பதிவேட்டில் எல்லாத் தேதியும் கிரிகோரியனில், கதைக்குள் பாத்திரங்கள் அவரவர் நாட்காட்டியில் பேசிக்கொள்ளலாம்.

5. காலகட்டத் தாள்

கதை எழுதுமுன் அந்தக் காலத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு: என்ன உடை, என்ன ஆயுதம், ஒரு செய்தி போய்ச் சேர எத்தனை நாள், இருட்டினால் எதை ஏற்றுவார்கள். எனக்கு ஒரு தாளுக்கு 10 முதல் 15 மணி நேரம் ஆகிறது. வேண்டாம் என்று நினைப்பவர்கள் பின்னால் இருமடங்கு நேரம் திருத்தத்தில் செலவழிப்பார்கள்.

போர்க்களத்தை எல்லோரும் சரிபார்த்து எழுதிவிடுகிறார்கள். வழுக்குவது சின்னச் சின்ன இடங்களில்தான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, 1492க்கு முன் ஐரோப்பாவிலோ ஆசியாவிலோ யார் கண்ணிலும் நீர் வர அது காரணமாக இருந்திருக்க முடியாது. தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் இதேதான். அமெரிக்கக் கண்டத்தில் குதிரை அழிந்துபோய், ஸ்பானியர்கள் வந்தபிறகுதான் மறுபடி ஓடியது. தொலைநோக்கி 1608க்கு முன் பதிவாகவில்லை. ஊசல் கடிகாரம் 1656. எங்கள் குழுவில் ஒருவருடைய பத்தாம் நூற்றாண்டு வீராங்கனை 'இன்னும் ஐந்து நிமிடத்தில் கதவு திறக்கும்' என்று நினைத்துக்கொண்டாள். நிமிடத்தை எண்ண அவளிடம் எது இருந்தது? 'விளக்கில் எண்ணெய் தீர்வதற்குள்' என்று மாற்றினோம்.

வரலாற்றில் உண்மையாக வாழ்ந்தவரை உங்கள் வார்ப்பின் பிறவி என்று அறிவிக்காதீர்கள். அவருடைய பிறப்பு, இறப்புத் தேதிகள் ஆணி அடித்தவை, பதிவேட்டில் அசைக்க முடியாது. அதோடு, அவரைத் தங்களவர் என்று கருதுபவர்கள் உங்கள் கதையை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவருக்கு ஓலை கொண்டுபோனவனாக, அவர் படகைத் தள்ளியவளாக உங்கள் ஆளை வையுங்கள். கதைக்கும் அதுதான் நல்லது.

6. ஒப்பந்தம்

நண்பர்கள்தானே என்று நாங்கள் விட்டது இதைத்தான்.

அடிப்படை இதுதான். பதிப்புரிமைச் சட்டம் எண்ணத்தைக் காக்காது, எழுதிய வடிவத்தைத்தான் காக்கும். 'மறுபடி மறுபடி பிறக்கும் காவல்காரன்' என்ற எண்ணம் யாருக்கும் சொந்தமில்லை, நீங்கள் எழுதிய கதை உங்களுக்குச் சொந்தம். 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. அதன்படி, எழுதிய கணமே உரிமை வந்துவிடும், எங்கும் பதிய வேண்டியதில்லை. எழுதியவர் இறந்தபின் குறைந்தது 50 வருடம் அது நீடிக்கும். பல நாடுகளில் 60, 70 என்று கூடுதல். சிக்கல் வருவது பொதுவாக எழுதிய வார்ப்பு அட்டையிலும் பதிவேட்டிலும்தான். அவை யாருடையவை?

இரண்டு பக்கத்தில் இவற்றை எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். கதை எழுதியவருக்கே சொந்தம். விதித்தாள், அட்டைகள், பதிவேடு குழுவுக்குப் பொது. விலகுபவர் தன் கதைகளை எடுத்துக்கொண்டு போகலாம், ஆனால் அவர் எழுதிய பிறவிகளின் தேதிகள் பதிவேட்டில் இருக்கும், மற்றவர்கள் அவற்றைக் குறிப்பிடலாம். ஒரு வார்ப்பின் சுழற்சியை முழுதாக முடித்துவைக்க எல்லோருடைய சம்மதமும் வேண்டும். புத்தகமாக வந்தால் பணம் சமபங்கா, சொல் எண்ணிக்கைப்படியா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள், பணம் வந்தபிறகு இந்தப் பேச்சு இனிக்காது. ஒருவர் இறந்துவிட்டால் அவர் பங்குக்கு யார் பதில் சொல்வது என்பதையும் சேர்த்துவிடுங்கள். மறுபிறவிக் கதை எழுதுபவர்கள் இதற்குக் கூச்சப்படக் கூடாது.

வெளியாட்களும் உங்கள் உலகத்தில் எழுதலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட நினைத்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். அந்த உரிமத்தைக் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை வேண்டுமென்றால் அதற்கான வகையை முதலிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொன்று: பழைய காவியப் பாத்திரங்கள் பொதுச்சொத்து. ஆனால் அவர்களை வைத்து இன்று ஒருவர் எழுதிய நாவலிலோ தொடரிலோ புதிதாகச் சேர்த்ததெல்லாம் அவருடையது. அங்கிருந்து எதையும் எடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்துக்கு ஒரு மாலை போதும். எங்களைப் போல் கதைகள் வந்தபிறகு உட்கார்ந்தால் இரண்டு மாதம்.

7. முதல் சுற்று: மூன்றே கதைகள்

மூன்று பேர், மூன்று வார்ப்பு, கதைக்கு 3000 சொல்லுக்குள். முதல் பிறவியை யாரும் எழுத வேண்டாம். அது அட்டையில் மட்டும் இருக்கட்டும். காயம் எப்படிப் பட்டது என்று காட்டிவிட்டால் அப்புறம் நிலையைத் தொடும் கைக்கு மதிப்பில்லை. ஒரு கதையில் 'நீதானா அது' என்கிற காட்சி ஒன்றுக்கு மேல் வரக் கூடாது. ஒன்றுமே வராவிட்டாலும் சரி.

முடிந்ததும் அட்டைகளைப் பார்க்காத ஒருவரிடம் மூன்றையும் கொடுங்கள். யார் காப்பவர், யார் கவர்பவர் என்று அவர் சொல்லிவிட்டால் போதும். எங்களுக்கு முதல் தடவை மூன்றில் ஒன்றுதான் தேறியது.

8. நேரமும் பணமும்

விதித்தாளுக்கு இரண்டு வாரம், அட்டைகளுக்கு இரண்டு வாரம், பதிவேட்டுக்கும் ஒப்பந்தத்துக்கும் ஒரு வாரம், காலகட்டத் தாளும் முதல் சுற்றுக் கதைகளும் இரண்டு மாதம். வேலைக்குப் போய்க்கொண்டே செய்தால் மூன்றரை மாதத்தில் முதல் மூன்று கதைகள் கையில் இருக்கும். ஒரு மாதத்தில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவர் பதிவேடு போடப்போவதில்லை என்று அர்த்தம். அதுவரை பணச் செலவு எதுவும் இல்லை. புத்தகமாக்கும்போதுதான் மெய்ப்புத் திருத்தம், பக்க வடிவமைப்பு, அட்டைப்படம் என்று வரும். மூன்றில் ஒன்றைத்தான் காசு கொடுத்துச் செய்ய முடியும் என்றால் மெய்ப்புத் திருத்தத்தைச் செய்யுங்கள். வயதையும் வருடத்தையும் புதுக்கண் ஒன்று பார்த்தாக வேண்டும்.

9. அப்படியும் ஓட்டை விழுந்தால்

விழும். அப்போது யார் கதை நல்ல கதை என்று பேசத் தொடங்காதீர்கள். எந்த வரி பதிவேட்டில் முதலில் 'உறுதி' ஆனதோ அது நிற்கும், மற்றது மாறும். ஒரே நாளில் இரண்டும் உறுதியாகியிருந்தால், எந்தக் கதையில் குறைவான சொற்களை மாற்றினால் போதுமோ அது மாறும்.

எங்கள் 1653 சிக்கலில் மாற வேண்டியது என் கதைதான். மாலுமிப் பெண்ணின் பிறப்பை 1649இலிருந்து 1654க்குத் தள்ளினேன். கதையில் அவள் வயது இரண்டே இடத்தில்தான் வந்திருந்தது, ஆகவே ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். ஆனால் 1670 புயலில் கப்பலைத் திருப்புபவள் 21 வயதுப் பெண்ணாக இருந்தவள் இப்போது 16 வயதுச் சிறுமி. அவள் கையில் சுக்கானைக் கொடுக்க எந்தத் தலைவனும் சம்மதிக்க மாட்டான். அவளைக் கப்பல் தச்சனுக்கு எடுபிடியாக்கி, மூன்று பக்கம் திரும்ப எழுதினேன். அந்த இடம் இன்னும் கொஞ்சம் நொண்டுகிறது. பதிவேட்டில் அவள் வரிக்கு எதிரே கணக்குப்பிள்ளை சிவப்பில் எழுதி வைத்திருக்கிறார்: 'வயது 16. யாரும் 21 என்று எழுதாதீர்கள்.'